ஓட்டு வீடும் ஒழுகுகிற தார்சும்: ஐப்பசிக்குள் என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் வீடு காங்கேயம் பக்கத்தில் தோட்டத்துக்குள் இருக்கிறது. முன்பக்கம் அப்பாரு (தாத்தா) காலத்து சீமை ஓட்டு வீடு. பின்பக்கம் 1998-ல் அப்பா சேர்த்துக் கட்டிய தார்சு, அதாவது தட்டையான கான்கிரீட் தளம் போட்ட வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, எல்லாம் சேர்த்து 700 சதுர அடி இருக்கும். மேலே செங்கல் ஜல்லிச் சுருக்கி போட்டுத் தட்டையான தட்டோடு பதித்திருக்கிறது. மாடித் தண்ணீர் இறங்க மூன்று அங்குலக் குழாய் ஒன்றுதான். போன கார்த்திகை அடைமழையில் சமையலறையில் ஒழுகியது, மழை விட்டு மூன்று நாள் கழித்தும் சொட்டிக்கொண்டே இருந்தது. படுக்கையறையில் காரை விழுந்து கம்பி தெரிகிறது. ஓட்டுச் சரிவு தார்சுச் சுவரில் வந்து முட்டுகிற இடத்தில் தகர வாய்க்கால் இருக்கிறது, ஆனாலும் சுவர் முழுக்க ஓதம், ஈரம் ஊறிக் கிடக்கிறது. வேலைக்காரர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினோம். மாடி முழுக்க ரப்பர் பெயின்ட் அடித்தால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்கிறார். என் மாமா, அதெல்லாம் வேண்டாம், மேலே தகர ஷீட் போட்டுவிடு என்கிறார். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். அம்மாவும் அப்பாவும்தான் அங்கே இருக்கிறார்கள். புரட்டாசி பிறந்துவிட்டது. ஐப்பசி மழைக்குள் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வேறு எதையும் பார்ப்பதற்கு முன்னால், காரை விழுந்த இடத்துக்குக் கீழே அம்மா அப்பாவின் கட்டில் கிடந்தால் இன்றைக்கே நகர்த்திப் போடச் சொல்லுங்கள். ஒரு இடத்தில் காரை விழுந்திருந்தால் அதைச் சுற்றியும் பிடிப்பு விட்டுத்தான் இருக்கும். அது எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆள் யாரையாவது விட்டு, நீளமான மூங்கில் குச்சியால் தளத்தின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தலைக்கு நேர் மேலே தட்டக்கூடாது, ஓரமாக நின்றுதான் தட்ட வேண்டும். கெட்டியாக இருக்கிற இடம் கணீரென்று கேட்கும், விட்டுப்போன இடம் பொத்துப் பொத்தென்று கேட்கும். பொத்தென்று கேட்கிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு, கையோடு தட்டி உதிர்த்துவிடுங்கள். மின்விசிறிக் கொக்கி அந்தக் கோட்டுக்குள் வந்தால் விசிறியைக் கழற்றி வைப்பதே நல்லது. கொக்கி கட்டியிருக்கிற கம்பியும் துருப்பிடித்திருக்க வாய்ப்புண்டு.

இனி உங்கள் கேள்வி. ரப்பர் பெயின்டும் இப்போது வேண்டாம், தகர ஷீட்டும் இப்போது வேண்டாம். உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகள் எனக்கு முக்கியமாகப் பட்டன. ஒன்று, மழை விட்டு மூன்று நாள் கழித்தும் சொட்டியது. இன்னொன்று, மாடித் தண்ணீர் இறங்க மூன்று அங்குலக் குழாய் ஒன்றுதான். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் கோளாறு எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. மேலே விழுகிற தண்ணீர் சீக்கிரம் இறங்குவதில்லை. இறங்காத தண்ணீர் சுருக்கிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்குப் போக வழி செய்து கொடுக்காமல் மேலே எதைப் பூசினாலும், எதைக் கொண்டு மூடினாலும், காசுதான் போகும்.

சுருக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து மூன்று, நாலு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடித்த காலமும் உண்டு. வெயிலின் சூட்டைக் கீழே இறங்க விடாது. தண்ணீர் ஓடுவதற்கான வாட்டத்தையும் அதிலேயே கொடுத்துவிடலாம். நம் ஊர் வெயிலுக்கு அதைவிட நல்ல வேலை இன்றைக்கும் வரவில்லை என்பதுதான் என் எண்ணம். அதனால் சுருக்கியைப் பெயர்த்து எறிந்துவிட்டுப் புதுசாகப் போடலாம் என்று யாராவது வந்து சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

அந்தச் சுருக்கிக்கு ஒரே எதிரி, தட்டோடுகளுக்கு நடுவே இருக்கிற சந்துகள் வாய் திறந்துகொள்வது. இத்தனை வருஷ வெயிலிலும் மழையிலும் அந்தச் சந்துகளில் வைத்த சிமென்ட் உதிர்ந்து போயிருக்கும். அந்த வழியே இறங்குகிற தண்ணீரை அடியில் இருக்கிற சுண்ணாம்பு ஜல்லி பஞ்சு மாதிரி குடித்துவிடும். சாயங்கால இடிமழை ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும். கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி, இங்கே வந்து சேரும்போது அதன் வேகமெல்லாம் குறைந்து, இரண்டு மூன்று நாள் விடாமல் நசநசவென்று பெய்யுமே, அந்த மழைதான் சுருக்கியை அடிவரை ஊற வைக்கும். நம் பக்கத்துத் தார்சுகளுக்குக் கொட்டுகிற மழையைவிட நிற்காத மழைதான் கெடுதல். ஊறின தண்ணீர் கான்கிரீட்டின் மேல் தேங்கிக் கிடந்து, எங்கே சின்ன விரிசல் கிடைக்கிறதோ அங்கே வந்து சொட்டும். மழை விட்ட பிறகும் உங்களுக்கு மூன்று நாள் சொட்டியது இதனால்தான். சமையலறையில் சொட்டுகிறது என்பதால் சமையலறைக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் நுழைந்த இடம் பத்தடி தள்ளிக்கூட இருக்கலாம்.

இந்த நிலையில் மேலே ரப்பர் பெயின்ட் அடித்தால் என்ன ஆகும்? புரட்டாசியில் அவ்வப்போது மழை வந்து போகிறது. சுருக்கிக்குள் இருக்கிற ஈரம் அப்படியே இருக்க, மேலே ரப்பர் மாதிரி ஒரு தோல் விழுந்துவிடும். அடுத்த வெயிலில் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி மேலே வரப் பார்க்கும், வழி இருக்காது. பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரியும். மேலே போக முடியாத ஈரம் கீழே இறங்கும். வேலைக்காரர் சொன்ன பெயின்ட் கெட்ட சரக்கு என்று நான் சொல்லவில்லை. நன்றாகக் காய்ந்த தளத்தில் அடித்தால் அது நல்ல பூச்சுதான். அடிக்க வேண்டிய காலம் இதுவாக இல்லை. உங்கள் சுருக்கி முழுக்கக் காய மாசி மாதம் ஆகிவிடும். ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தண்ணீரை வெளியேற்றுகிற வேலை இப்போது. தளத்துக்குப் பூச்சுப் பூசுகிற வேலை பொங்கல் கழிந்து.

இப்போது செய்ய வேண்டியதில் முதல் வேலை விளக்குமாறு எடுப்பது. மாடியைச் சுத்தமாகப் பெருக்கி, குழாய் வாயில் அடைத்திருக்கிற வேப்பிலையையும் மண்ணையும் வாரிப் போடச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு மழை வரும்வரை பொறுங்கள். மழை விட்டு அரை மணி நேரம் கழித்துத் தெம்பான ஆள் ஒருவர் மேலே ஏறி, எங்கெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்கிறதோ அந்த ஓரத்தைச் சுற்றிக் கரித்துண்டால் கோடு போட வேண்டும். அப்பாவை ஏற விடாதீர்கள், பாசி பிடித்த தட்டோடு நனைந்தால் வழுக்கும். அந்தக் கோடுதான் கொத்தனாருக்கு வேலைப் பட்டியல். மாடிக்குப் பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வாட்டம் இருக்க வேண்டும், ஒன்றரை அங்குலம் இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடித்துப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பள்ளம் விழுந்த இடத்தில் மட்டும் தட்டோட்டை எடுத்து, அடியில் நிரவி, வாட்டம் பார்த்துத் திரும்பப் பதித்தால் போதும்.

குழாய்க்கு வருகிறேன். உங்கள் 700 சதுர அடி ஏறக்குறைய 65 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஐந்து சென்டிமீட்டர் மழைக்கு உங்கள் மாடியில் 3,250 லிட்டர் விழும். அது தேங்கி ஒரு அங்குலம் நின்றாலே 1,650 கிலோ எடை தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பலத்த மழையில் நாலு அங்குலக் குழாய் ஒன்று சுமார் 400 சதுர அடித் தண்ணீரைத்தான் சமாளிக்கும், மூன்று அங்குலக் குழாய் அதில் பாதியைத்தான் கொண்டு போகும். உங்களுக்கு நாலு அங்குலத்தில் இரண்டு குழாய் வேண்டும். இருக்கிற மூலையில் ஒன்றைப் பெரிதாக்கி, எதிர் மூலையில் இன்னொன்றைப் போடுங்கள். அந்த மூலைக்கு வாட்டம் இல்லையென்றால் இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டாலும் சரிதான். குழாய் வாய் தட்டோட்டு மட்டத்துக்கு ஒரு நூல் கீழே இறங்கியிருக்க வேண்டும், மேலே துருத்திக்கொண்டிருந்தால் அந்த உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்கும். வாயில் தட்டையான ஜாலி போடாதீர்கள், இரண்டு இலை ஒட்டினால் அடைத்துவிடும். கவிழ்த்த கிண்ணம் மாதிரி மேலே எழும்பி நிற்கிற ஜாலி கடையில் கிடைக்கிறது. குழாயைச் சுற்றிப் பூசுகிற கலவையில் பாலிமர் கலந்து பூசச் சொல்லுங்கள். புதுசாகத் துளைத்த இடமே புதுசாக ஒழுகுகிற இடமாகிவிடக் கூடாது.

கைப்பிடிச் சுவரில், தளத்துக்கு மூன்று அங்குல உயரத்தில், சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு துண்டுக் குழாயும் வைத்துவிடுங்கள். நீங்கள் திருப்பூரில் இருக்கும்போது ராத்திரி குழாய் அடைத்துக்கொண்டால், தண்ணீர் அந்த வழியாகக் கொட்டி, விஷயத்தை அப்பாவுக்குத் தெரியப்படுத்திவிடும்.

குழாயின் கீழ் முனையையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பலர் மாடிக் குழாயைக் குழிக்குள் இறக்கி விட்டதோடு சரி, அப்புறம் குழியைத் திறந்தே பார்த்ததில்லை. குழி மண் மூடிப்போனால் தண்ணீர் குழாயிலேயே எதிர்த்து நிற்கும். மேலே என்னதான் செய்தாலும் மாடி வடியாது. குழியைத் தூர் வாரி, ஜல்லியை எடுத்துக் கழுவிப் போடுங்கள். ஆயிரம் அடிக்கு போர் போட்டும் தண்ணீர் தேடுகிற ஊரில் அந்த 3,250 லிட்டர் வீணாகப் போகவும் வேண்டாம்.

அடுத்தது சந்துகள். இதற்குப் பொறுமையான ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் போதும். ஹேக்ஸா பிளேடாலோ மெல்லிய உளியாலோ சந்தை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, தூசியை ஊதி எடுத்து, கொஞ்சம் நனைத்து, வாட்டர்புரூஃப் கலந்த சிமென்ட் விழுதை அழுத்தி நிரப்ப வேண்டும். நிரப்பினதை ஒரு வாரம் சாக்கு போட்டு ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். தட்டினால் பொத்தென்று கேட்கிற தட்டோட்டை எடுத்துவிட்டுப் புதுசு பதியுங்கள். செய்யக்கூடாத ஒன்று இருக்கிறது. சந்தைச் சுரண்டாமல் மாடி முழுக்கச் சிமென்ட் பாலை ஊற்றித் துடைப்பத்தால் இழுத்துவிடுவது. பார்க்கச் சாம்பல் நிறத்தில் புதுசாகத் தெரியும். சித்திரை வெயிலில் அப்பளமாக உரிந்து வந்து குழாயைத்தான் அடைக்கும்.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலை எல்லா வீட்டிலும் விரிகிறது. வெயில் நேராகப் படுகிற கான்கிரீட், சித்திரை நண்பகலுக்கும் மார்கழி விடியலுக்கும் நடுவே நாற்பது டிகிரி வரை ஏறி இறங்கும். முப்பதடி நீளத்துக்கு அது மூன்றரை மில்லிமீட்டர் நீண்டு சுருங்குவதற்குச் சமம். அதன் மேல் நிற்கிற செங்கல் சுவர் அதே அளவுக்கு நீளாது, சுருங்காது. இரண்டும் சேருகிற இடத்தில் வெறும் சிமென்ட் பூசினால் அடுத்த வருஷமே அதே இடத்தில் விரிசல் திரும்பி வரும். விரிசலை உளியால் கொஞ்சம் அகலப்படுத்தி, காய விட்டு, இழுத்தால் இழுபடுகிற பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட்டை வைத்து அடைக்க வேண்டும். பிறகு மூலையைச் சாய்வாகப் பூசி, அது காய்ந்ததும் கண்ணாடி இழை வலை பதித்து, சுவரில் ஒரு அடி, தளத்தில் ஒரு அடி என்று வாட்டர்புரூஃப் பூச்சு இரண்டு கை கொடுக்கலாம். உங்கள் வேலைக்காரரின் ரப்பர் பெயின்ட்டுக்கு இந்தப் பருவத்தில் வேலை இருக்கிற ஒரே இடம் இந்த ஓரம்தான். அதற்கும் தொடர்ந்து இரண்டு மூன்று நாள் வெயில் வேண்டும், வானத்தைப் பார்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

மாடியில் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. அந்தக் காலத்தில் கட்டின தார்சுகளில், பின்னால் மேலே ஒரு அறை எடுக்கலாம் என்று விட்டு வைத்த கம்பிகள் இருக்கும். கொடி கட்டித் துணி காயப்போட வசதியாக இருப்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. கிட்டே போய்க் குனிந்து பாருங்கள். கம்பி தளத்துக்குள் இறங்குகிற இடத்தில், கம்பியைச் சுற்றி நூலளவுக்கு இடைவெளி விட்டிருக்கும், அந்த இடம் செம்மண் நிறத்தில் கறை பிடித்திருக்கும். துருவாக மாறின இரும்பு, பழைய இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். சுற்றியிருக்கிற கான்கிரீட்டை நெட்டித் தள்ளித்தான் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. மழைத் தண்ணீர் கம்பியைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்க இது நல்ல வழி. மாடி எடுக்கிற எண்ணம் இன்னும் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். இருக்கிறது என்றால் துருவைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்து, சிமென்ட் பால் பூசி, பின்னால் உடைக்க வசதியாகச் சிமென்ட் குறைந்த கான்கிரீட்டில் கம்பி முழுவதையும் மூடி வைத்துவிடலாம். எண்ணம் இல்லையென்றால் கம்பியை வெட்டி, முனைகளை மூடிப் பூசிவிடுங்கள். துணிக்கொடிக்கு வேறு இடம் பார்க்கலாம்.

ஓதம் பிடித்த சுவர்தான் உங்கள் வீட்டில் அவசரமானது. ஐப்பசிக்குள் ஒரே ஒரு வேலைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அந்தத் தகர வாய்க்காலை மாற்றுங்கள். ஓட்டுச் சரிவில் பாதி மழை அந்த ஒரு இடத்துக்குத்தான் வந்து சேருகிறது. 1998-ல் போட்ட தகரம் என்றால் அடியில் துருப்பிடித்து ஊசித் துளை ஊசித் துளையாக இருக்கும். இலையை வாரிவிட்டு, ஓட்டுக் கூரைக்குள் இருந்து ஒருவர் அண்ணாந்து பார்த்தால் வெளிச்சம் தெரியும்.

புதுசாகப் போடும்போது நல்ல கனமான ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகரத்தில், ஒரு அடி அகலத்துக்குக் குறையாமல் போடுங்கள். குறுகலாக இருந்தால் கை விட்டு இலையை எடுக்க முடியாது. எடுக்க முடியாததை யாரும் எடுக்க மாட்டார்கள். ஒரு பக்க ஓரம் ஓட்டுக்கு அடியில் ஆறு அங்குலமாவது உள்ளே போக வேண்டும். ஓட்டின் கீழ் நுனி வாய்க்காலுக்குள் இரண்டு மூன்று அங்குலம் நீட்டியிருக்க வேண்டும். இன்னொரு ஓரம் சுவரில் எட்டு அங்குலம் ஏற வேண்டும். பலரும் இந்த ஏற்றத்தைச் சுவரோடு சாய்த்து வைத்து மேலே சிமென்ட் பூசி ஒப்பேற்றிவிடுவார்கள். தகரமும் பூச்சும் ஒரு கோடைக்குக்கூட ஒட்டி நிற்காது, இடுக்கு விழும், சுவரில் வழிகிற தண்ணீரெல்லாம் தகரத்துக்குப் பின்னால் இறங்கும். உங்கள் சுவர் ஓதத்துக்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். சுவரில் கட்டிங் மெஷினால் ஒரு அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, தகரத்தின் மேல் நுனியை மடித்து அந்தக் காடிக்குள் செருகி, சீலன்ட் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். அன்றைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்தாலும் தப்பில்லை.

சுவரில் பூத்திருக்கிற உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து திரும்பவும் உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்துவிடுங்கள். பட்டிப் பூச்சோ பெயின்ட்டோ மாசி வரைக்கும் வேண்டாம்.

ஓட்டுக் கூரைக்கு அதிகம் செலவிருக்காது. மங்களூரில் 1865-ல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்புக்காரர்கள் ஓட்டுச் சூளை தொடங்கியதிலிருந்து இந்தச் சீமை ஓடு நம் நாட்டில் பரவியது. ஒன்றை எடுத்து இன்னொன்றைச் செருகுகிற மாதிரி அமைத்திருப்பதுதான் அதன் அருமை. நல்ல வெயில் நேரத்தில் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அண்ணாந்து பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரிகிற இடமெல்லாம் ஓடு உடைந்தோ விலகியோ இருக்கிறது. முன்பெல்லாம் தென்னை மட்டையும் பூனையும்தான் ஓடுகளை நகர்த்தும். இப்போது நம் தோட்டங்களில் மயில் அதிகமாகிவிட்டது. அது முகட்டில் வந்து இறங்குகிற வேகத்தில் ஓடு விலகிவிடுகிறது. அதனால் ஒரு தரம் பார்த்தோம், முடிந்தது என்று இருக்க முடியாது. மழைக்காலம் முடியும்வரை மாதம் ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். கூரைமேல் தாழும் மட்டைகளை இப்போதே வெட்டிவிடுங்கள். முகட்டு ஓட்டுக்கு வெறும் சிமென்ட் கலவை இறுகி வெடிக்கும், சிமென்ட் ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு என்று கலந்து பூசினால் நிற்கும். சுவருக்குள் போகிற கைமர நுனிகளையும், வாய்க்காலை ஒட்டி ஓடு உட்காருகிற ரீப்பர்களையும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று உள்ளே இறங்கினால் அந்த மரத்தை மாற்றிவிட்டுத்தான் ஆளை மேலே ஏற்ற வேண்டும்.

மாமா சொல்கிற ஷீட்டை நான் வேண்டாம் என்று தள்ளவில்லை. வெயிலுக்கு நல்ல நிழல். ஆனால் அதற்காக நிறுத்துகிற கால்களைத் தட்டோட்டில் துளை போட்டு போல்ட் வைத்து நிறுத்துவார்கள். ஒழுகுகிற தளத்தில் மேலும் எட்டு ஓட்டை. அதோடு நம் பக்கத்துக் காற்றை மறந்துவிடக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்றை நம்பித்தான் உடுமலை, தாராபுரம், பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலை நிற்கிறது. சுற்றிலும் திறந்த தோட்டத்தில் ஷீட்டுக்கு அடியில் காற்று புகுந்தால் தூக்கிவிடும். பின்னால் போடுவதாக இருந்தால், கால்கள் சுவருக்கோ தூணுக்கோ நேர் மேலே வரட்டும், தளத்தின் நடுவே வேண்டாம். ஒரு ஷீட்டின் மேல் இன்னொன்று ஏறுகிற ஓரம் கிழக்கு நோக்கி இருக்கட்டும், மேற்குக் காற்று அதற்குள் புகாது. ஷீட்டிலிருந்து வழிகிற தண்ணீருக்கும் தனிக் குழாய் வேண்டும். மாடு கட்டுகிற கட்டுத்தரையிலோ சாளையிலோ பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால், அதைப் பிரஷ் போட்டுத் தேய்க்கவும் காய்ந்தபடி துளைக்கவும் வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். அதன் மேல் யாரும் காலும் வைக்க வேண்டாம். உடைந்து ஆளோடு கீழே வந்துவிடும்.

படுக்கையறைக் கம்பிக்கு, மேலிருந்து தண்ணீர் இறங்குவது நின்ற பிறகுதான் நிரந்தர வேலை. இப்போது அவசரப்பட்டுச் சிமென்ட் பூசினால் அதுவும் விழும். தை மாதத்தில் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, துரு முழுக்கத் தேய்த்து எடுத்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி கால்வாசிக்கு மேல் தேய்ந்திருந்தாலோ, நாலைந்து கம்பி வரிசையாக அப்படி இருந்தாலோ, கொத்தனாரிடம் விடாமல் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டுங்கள்.

பொங்கல் கழிந்து, தளம் காய்ந்ததும் ரப்பர் பெயின்ட்டுக்காரரைக் கூப்பிடலாம். எத்தனை கை அடிப்பார், ஒவ்வொன்றுக்கும் நடுவே எத்தனை மணி நேரம் விடுவார், ஈரம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பார் என்று கேளுங்கள். வெள்ளை நிறத்திலேயே அடிக்கச் சொல்லுங்கள், சித்திரையில் கீழே சூடு குறையும். வேலை முடிந்து பூச்சு இறுகியதும் குழாய் வாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் கடைசிப் பங்குப் பணத்தைக் கொடுக்க வேண்டும். பத்து வருஷம் என்று வாயால் சொன்னதை ரசீதில் எழுதி வாங்குங்கள். இந்தத் தண்ணீர் கட்டுகிற சோதனையை இப்போது யாராவது செய்யலாம் என்றால் விடாதீர்கள். திறந்த சந்தோடு இருக்கிற சுருக்கிக்கு நாமே தண்ணீர் ஊட்டியது போலாகிவிடும்.

வேலை முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டால் சமையலறைக்கு மேலே தார்ப்பாய் போடலாம். தட்டையாக விரிக்காமல் நடுவே ஒரு மூங்கிலைக் கொடுத்துச் சரிவாகக் கட்டி, ஓரத்தில் மணல் மூட்டை வையுங்கள். வெயில் வந்த உடனே எடுத்துவிட வேண்டும். சமையலறையில் லைட் பாயின்ட் பக்கம் ஈரம் தெரிந்தால் அந்த அறைக்கான சுவிட்சை மெயின் போர்டிலேயே அணைத்து வைக்கும்படி அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

முதல் அடைமழை வரும்போது அப்பாவிடம் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்துவிடுங்கள். எந்த இடத்தில் முதலில் ஈரம் தெரிந்தது, மழை பிடித்து எவ்வளவு நேரம் கழித்து, மழை விட்டு எத்தனை நாள் கழித்துச் சொட்டு நின்றது. இந்த மூன்றையும் அவர் தேதி போட்டு எழுதி வைத்தால் போதும். ஈரத்தின் ஓரத்தைத் தளத்தின் அடியில் பென்சிலால் கோடு போட்டு வைத்தால் இன்னும் நல்லது. தை மாதம் எந்தத் தட்டோட்டை எடுத்துப் பார்ப்பது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.